மீன்குஞ்சும் நீச்சலும்: வளர்ப்புச் சூழல் மூளைக்குச் செய்வது என்ன?



"மீன்குஞ்சுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்க வேண்டுமா?" என்பது நாம் எல்லாரும் அறிந்த பழமொழி. பாடகரின் மகள் நன்றாகப் பாடினாலும் வணிகரின் மகன் கணக்கில் கெட்டியாக இருந்தாலும் இந்தப் பழமொழியைச் சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். அது வினா வடிவில் இருந்தாலும் விடையை எதிர்பார்ப்பதில்லை. 'வேண்டியதில்லை' என்பதே அதன் பொருள். மீனுக்கு நீச்சல் பிறவியிலேயே வந்தது. அதற்கு ஆசிரியர் எதற்கு?

இன்றைய உரையில் அந்தப் பழமொழியை உண்மையான வினாவாகவே எடுத்துக்கொள்ள விரும்புகிறேன். ஏனெனில், இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து உயிரியலாளர் சிலர் ஏறத்தாழ இதே வினாவை மீன் தொட்டிகளின் அருகில் நின்று கேட்டுவருகிறார்கள். அவர்கள் கண்டவை, மொழி கற்பிக்கும் நமக்கும் மொழி கற்கும் மாணவர்களுக்கும் பயன்படக்கூடியவை.

மொழியியல் படித்த ஒருவன் மீனைப் பற்றிப் பேசுவது ஏன் என்று சிலர் எண்ணலாம். பிறவியில் வருவது எவ்வளவு, சூழலால் வருவது எவ்வளவு என்பது மொழியியலின் பழைய வினா. குழந்தையிடம் இதைச் சோதித்துப் பார்க்க முடியாது. உடன்பிறந்த இருவரைப் பிரித்து, ஒருவரைப் பேச்சு நிறைந்த வீட்டிலும் மற்றவரைப் பேச்சற்ற அறையிலும் வளர்க்க எந்த அறமும் இடம் தராது. மீனிடம் இது ஓரளவு இயலும். ஒரே தாயின் முட்டைகளை இரண்டாகப் பகுத்து இரு வேறு தொட்டிகளில் வளர்த்துப் பார்க்கலாம். ஆதலால் நம் வினாவின் ஒரு பகுதிக்கேனும் அங்கே தெளிவான விடை கிடைக்கிறது.

தமிழ் இலக்கணமும் இதற்கு ஒரு வாயிலைத் திறந்து வைத்திருக்கிறது. 'வளர்' என்னும் ஒரே வேரிலிருந்து 'வளர்ந்தது' என்னும் தன்வினையும் 'வளர்த்தது' என்னும் பிறவினையும் பிறக்கின்றன. தானே வளர்தலும் பிறர் வளர்த்தலும் நம் மொழியில் ஒரே அடியின் இரு கிளைகள். மூளை வளர்ந்ததா, வளர்க்கப்பட்டதா என்பதுதான் இன்றைய உரையின் பொருள்.

மீனின் மூளை

மீனின் மூளை சிறியது. ஆயினும் முதுகெலும்புள்ள உயிர்கள் அனைத்துக்கும் பொதுவான அடிப்படை அமைப்பு அதிலும் உண்டு. முன்புறத்தில் முகர்குமிழ்கள் உள்ளன. நீரில் கரைந்த மணத்தை உணர்பவை அவை. அவற்றை அடுத்து முன்மூளை. கற்றல், நினைவு, இடமறிதல் ஆகியவற்றில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. நடுவில், கண் தரும் செய்தியை வாங்கும் பார்வைப் பகுதி. பின்னே சிறுமூளை, உடலின் அசைவையும் சமநிலையையும் அது ஒழுங்குபடுத்துகிறது.

இந்தப் பகுதிகள் மீனின் வாழ்க்கையோடு நெருங்கிப் பிணைந்தவை. எடுத்துக்காட்டாக, சால்மன் மீன் ஆற்றில் பிறந்து, கடலுக்குச் சென்று வளர்ந்து, முட்டையிடும் காலத்தில் தான் பிறந்த ஆற்றுக்கே திரும்புகிறது. சிறுவயதில் அறிந்த அந்த ஆற்றின் மணமே அதற்கு வழிகாட்டுகிறது என்பதை அமெரிக்க அறிஞர் ஆர்தர் ஹாஸ்லரும் அவருடைய மாணவர்களும் 1950களில் தொடங்கிய ஆய்வுகளால் நிறுவினார்கள். முகர்குமிழ் என்பது அந்த மீனுக்கு ஊர் திரும்பும் வழி.

தொல்காப்பியத்தின் மரபியல், உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுக்கிறது என்பது மாணவர்கள் அறிந்ததே. தொடுதல், சுவைத்தல், முகர்தல், காணுதல், கேட்டல், மனம் என்று அந்த வரிசை செல்கிறது. அங்கே 'அறிவு' என்னும் சொல் புலனையும் குறிக்கிறது. புலனையும் அறிவையும் ஒரே சொல்லால் சுட்டிய மொழி நம்முடையது. புலனுக்கு வேலை இருக்கும் இடத்தில் மூளையும் வளர்கிறதா என்று ஆராய்ந்தவர்களின் கதையைச் சொல்ல அந்தச் சொல் பொருத்தமானது.

மீனின் மூளைக்கு இன்னொரு சிறப்பு உண்டு. பாலூட்டிகள் வளர்ந்து முதிர்ந்த பின் அவற்றின் மூளையில் மிகச் சில இடங்களிலேயே புதிய நரம்பணுக்கள் தோன்றுகின்றன. மீனுக்கு அத்தகைய கட்டுப்பாடு குறைவு. முதிர்ந்த வரிக்குதிரை மீனின் மூளையில் புதிய அணுக்கள் உருவாகும் 16 பகுதிகள் உள்ளன என்று 2006இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. மீனின் மூளை வாழ்நாள் முழுவதும் கட்டிமுடிக்கப்படாத வீடு போன்றது. சூழல் அதன்மேல் என்ன செய்கிறது என்று பார்க்க இதைவிட ஏற்ற உயிர் அரிது.

ஆறும் தொட்டியும்

வட அமெரிக்காவின் பசிபிக் கரையோர ஆறுகளில் சால்மனும் அதன் நெருங்கிய உறவான டிரவுட்டும் ஏராளமாக வாழ்ந்தன. மிகுதியாகப் பிடிக்கப்பட்டதாலும், பின்னர் அணைகள் வழியை மறித்ததாலும் அவை குறைந்தன. அவற்றைப் பெருக்குவதற்காகப் பொரிப்பகங்கள் அமைக்கப்பட்டன. கலிபோர்னியாவின் மெக்கிளவுட் ஆற்றங்கரையில் 1872ஆம் ஆண்டிலேயே அப்படி ஒன்று தொடங்கப்பட்டது. முட்டைகளைச் சேகரித்து, தட்டுகளில் பொரிக்க வைத்து, குஞ்சுகளைத் தொட்டிகளில் வளர்த்து, ஓரளவு பெரிதானதும் ஆற்றில் விடுவார்கள்.

பொரிப்பகத் தொட்டியை மனக்கண்ணில் காணுங்கள். அடித்தளம் வழவழப்பானது. நீர் தூய்மையானது, ஒரே சீராக ஓடுவது. உணவு உருண்டைகள் வேளை தவறாமல் மேலிருந்து விழும். கொத்தவரும் பறவை இல்லை. துரத்தவரும் பெரிய மீன் இல்லை. ஆற்றில் பிறக்கும் குஞ்சுகளில் பெரும்பாலானவை தொடக்கத்திலேயே மடிந்துவிட, தொட்டியில் பிறப்பவை பெரும்பாலும் பிழைத்துக்கொள்கின்றன. விரைவாகக் கொழுத்தும் வளர்கின்றன. ஆனால் ஆற்றில் விட்ட பின்னர் நிலைமை மாறுகிறது. உயிருள்ள இரையை அவை எளிதில் இனங்காண்பதில்லை. பகை வரும்போது ஒளிந்துகொள்வதில்லை. எண்ணிக்கையில் பல மடங்கு விட்டாலும் திரும்பி வருபவை குறைவு என்பது பொரிப்பகத்தார் நெடுங்காலமாக அறிந்த குறை.

அந்தக் குறைக்கு மூளையிலும் ஒரு காரணம் இருக்கக்கூடுமோ என்று கேட்டவர்கள் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த மைக்கேல் மார்செட்டியும் கேப்ரியல் நெவிட்டும். வானவில் டிரவுட் மீன்களில், பொரிப்பகத்தில் வளர்ந்தவற்றின் மூளையையும் ஆற்றில் வளர்ந்தவற்றின் மூளையையும் அவர்கள் அளந்து ஒப்பிட்டார்கள். 2003இல் வெளியான அவர்களின் முடிவுப்படி, எடுத்துக்கொண்ட 8 அளவுகளுள் 7 அளவுகளில் இரு கூட்டங்களும் வேறுபட்டன. முன்மூளையும் பார்வைப் பகுதியும் பொரிப்பக மீன்களில் சிறுத்திருந்தன.

வளர்ப்பு விலங்குகளின் மூளை சிறுப்பது புதிய செய்தியன்று. வீட்டு முயலின் மூளை காட்டு முயலின் மூளையைவிட உடலளவுக்கு ஏற்பச் சிறியது என்று சார்லஸ் டார்வின் 1868ஆம் ஆண்டு நூலிலேயே குறித்திருக்கிறார். ஆனால் பல தலைமுறைகளாக மனிதன் தேர்ந்தெடுத்து வளர்த்த முயலின் மரபே மாறியிருக்கக்கூடும். டிரவுட் மீன்களுக்கும் அதே ஐயம் எழுகிறது. பொரிப்பக மீனும் ஆற்று மீனும் வேறு வேறு மரபினவாக இருந்தால், வேறுபாட்டுக்குக் காரணம் தொட்டியா, பிறப்பா? மேலும், தொட்டி மீனின் உடல் விரைவாகப் பெருக்கிறது. உடலோடு ஒப்பிடுகையில் மூளை சிறிதாகத் தெரிவதற்கு அதுவே போதுமானது. நல்ல ஆய்வு என்பது தன் முடிவின்மீது தானே ஐயம் கொள்வது. அந்த ஐயமே அடுத்த சோதனைக்கு வழி வகுத்தது.

ஒரு பிடி கல்

2006ஆம் ஆண்டில் ரெபெக்கா கிஸ்லிங்கரும் நெவிட்டும் வெளியிட்ட ஆய்வு மிக எளிமையானது. அதன் எளிமைக்காகவே நான் அதை விரும்புகிறேன்.

கடலுக்குச் சென்று திரும்பும் வானவில் டிரவுட்டை ஸ்டீல்ஹெட் என்பார்கள். அதன் தாய் ஆற்றின் கூழாங்கற்களைக் கிளறிப் பள்ளம் செய்து, முட்டையிட்டு, கற்களால் மூடிவிட்டுப் போய்விடும். பொரிந்த குஞ்சின் வயிற்றில் மஞ்சட்கருப் பை ஒன்று ஒட்டியிருக்கும். அந்தப் பையில் உள்ள உணவு தீரும்வரை, குஞ்சு வாரக் கணக்கில் கற்களின் இடுக்கிலேயே கிடக்கும். இரை தேட வேண்டியதில்லை. எதிரியோடு போராட வேண்டியதில்லை. பார்ப்பவருக்கு, அது எதையும் கற்கும் பருவமாகத் தோன்றாது.

ஆய்வாளர்கள் மரபால் ஒத்த குஞ்சுகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதியை வழக்கமான வெறுந்தொட்டியில் விட்டார்கள். இன்னொரு பகுதியின் தொட்டியில் கற்களை இட்டார்கள். அவ்வளவுதான். கற்களிடையே வளர்ந்த குஞ்சுகளின் சிறுமூளை, வெறுந்தொட்டியில் வளர்ந்தவற்றின் சிறுமூளையைவிடக் குறிப்பிடத்தக்க அளவு பெரிதாக இருந்தது. நீந்தி அசையும் முறையிலும் அவை வேறுபட்டன.

சிறுமூளை அசைவையும் சமநிலையையும் ஆள்வது என்று சற்று முன் சொன்னேன். பழமொழி எதைப் பிறவிக்கொடை என்கிறதோ, அதே நீச்சலை ஆளும் பகுதிதான் இங்கே சூழலுக்கு ஏற்ப மாறியது. நீந்துவதற்கான ஆற்றல் பிறவியில் வருகிறது, அதில் ஐயமில்லை. இடுக்கில் உடலை நுழைப்பது, ஓட்டத்துக்கு எதிரே நிலைகொள்வது, கல்லின் மறைவில் ஒதுங்குவது ஆகிய நுட்பங்கள் அந்த ஆற்றலின்மேல் படிகின்றன. அவற்றுக்குத் தளம் தந்தது கல்.

'கல்' என்னும் தமிழ்ச் சொல் பெயராக நின்றால் பாறைத்துண்டைக் குறிக்கும். வினையாக நின்றால் 'படி' என்று ஏவும். இவை ஒலியால் ஒன்றி வந்த இரு சொற்கள் என்பதை நான் அறிவேன். ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது என்று சொல்ல வரவில்லை. ஆனாலும் தொட்டியின் அடியில் கிடக்கும் கல், குஞ்சை நோக்கிக் 'கல்' என்று சொல்லிக்கொண்டிருப்பதாக எண்ணிப் பார்ப்பது மாணவர்களுக்கு நினைவில் நிற்கும்.

அதே ஆண்டில் சினூக் சால்மன் குறித்தும் அந்த ஆய்வுக்குழு எழுதியது. காட்டு மரபைச் சேர்ந்த மீன்களே ஆயினும், பொரிப்பகத்தில் வளர்ந்தவற்றின் முகர்குமிழும் முன்மூளையும் ஆற்றில் வளர்ந்தவற்றைவிடச் சிறியனவாக இருந்தன. மணத்தைப் பற்றிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டிய மீனுக்கு இது சிறிய செய்தியன்று.

இவை தொலைதூரத்து மீன்கள். நமக்கு அருகிலிருக்கும் ஒன்றையும் சொல்கிறேன். 'லோங்காங்' என்று நாம் வழங்கும் கால்வாய்களில் ஒரு தலைமுறைச் சிறுவர்கள் குனிந்து பிடித்த கப்பி மீனை உங்களில் பலர் அறிவீர்கள். அதன் தாயகம் திரினிடாடும் தென் அமெரிக்காவின் வடகரையும். கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வகத்தில் வளர்ந்த கப்பிகளின் மூளை, இயற்கை நீரோடையில் பிடிக்கப்பட்டவற்றின் மூளையைவிடச் சிறிதாக இருந்தது.

மாறும் சூழலும் கற்கும் திறனும்

மூளைப் பகுதியின் பருமன் மட்டுமே நமக்குப் போதாது. அந்த மூளை எதைச் செய்கிறது என்பதே முதன்மையானது. இங்கே நார்வேயின் ஆனி குரோ சால்வனெஸும் பிரிட்டனைச் சேர்ந்த விக்டோரியா பிரெய்த்வெயிட்டும் செய்த பணி பயன்படுகிறது.

2005இல் அவர்கள் காட் மீன்குஞ்சுகளைப் பற்றி எழுதினார்கள். சில குஞ்சுகளுக்குத் தொட்டியில் கற்களும் செயற்கைக் கடற்பாசியும் வைக்கப்பட்டன. உணவு கிடைக்கும் முறையிலும் மாற்றம் செய்யப்பட்டது. பிற குஞ்சுகள் மாற்றமில்லாத வெறுந்தொட்டியில் வளர்ந்தன. மாற்றத்தைக் கண்டு வளர்ந்தவை அச்சத்திலிருந்து விரைவில் மீண்டன. புதிய இடத்தைத் துணிந்து ஆராய்ந்தன. உயிருள்ள இரையை விரைவாக நாடின.

2013இல் அட்லாண்டிக் சால்மனைக் கொண்டு செய்த ஆய்வு இன்னும் ஆழமாகச் சென்றது. 8 வாரங்கள் பொருள்கள் நிறைந்த தொட்டியில் வாழ்ந்த மீன்கள், சுற்றுவழி ஒன்றிலிருந்து வெளியேறும் பாதையைப் பிழை குறைவாகவும் விரைவாகவும் கற்றுக்கொண்டன. அவற்றின் முன்மூளையில், நரம்பணு வளர்ச்சியோடு தொடர்புடைய ஒரு மரபணுவின் செயற்பாடும் மிகுந்திருந்தது. மரபணு பிறவியில் வந்தது; அதை மிகுதியாகச் செயற்படத் தூண்டியது தொட்டி. 'வளர்ந்தது', 'வளர்த்தது' என்னும் இரு வினைகளும் ஓர் அணுவுக்குள் சந்திக்கும் இடம் இது.

உடன் வாழ்வோர்

சூழல் என்றால் கல்லும் செடியும் மட்டுமல்ல. உடன் வாழ்வோரும் சூழலே. பின்லாந்து ஆய்வாளர்கள் ஒன்பது முள் கொண்ட ஸ்டிக்கில்பேக் மீன்களை முட்டைப் பருவத்திலிருந்து முதிர்ச்சி வரை தனியாகவும் கூட்டமாகவும் வளர்த்தார்கள். 2009இல் வெளியான முடிவு இது: கூட்டமாக வளர்ந்தவற்றில் பார்வைப் பகுதி பெருத்திருந்தது, முகர்குமிழ் சிறுத்திருந்தது. ஒரு பகுதி வளர்ந்த இடத்தில் இன்னொன்று குறைந்தது. குளத்து மரபைச் சேர்ந்த மீன்களைக் கூட்டமாக வளர்த்தபோது மொத்த மூளையே சிறுத்தது; கடல் மரபைச் சேர்ந்தவற்றில் அப்படி நிகழவில்லை. ஒரே சூழல் எல்லா மரபையும் ஒரே விதமாகத் தொடுவதில்லை.

ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரியில் குடும்பமாக வாழும் ஒரு சிக்லிட் மீன் உண்டு. பெற்றோருடன் மூத்த பிள்ளைகளும் சேர்ந்து குஞ்சுகளைக் காக்கும். சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் பார்பரா டபோர்ஸ்கியின் குழு, சில குஞ்சுகளை மூத்தோருடனும் சிலவற்றைச் சம வயதுக் குஞ்சுகளுடன் மட்டும் இருக்குமாறும் வளர்த்தது. 2010இல் வெளியான அந்த ஆய்வு மூளையை அளக்கவில்லை, நடத்தையைப் பார்த்தது. மூத்தோரிடையே வளர்ந்தவை பிற்காலத்தில் வலியவன் எதிரே பணிய வேண்டிய இடத்தில் பணிந்தன. எதிர்க்க வேண்டிய இடத்தில் எதிர்த்தன. இடமறிந்து நடக்கும் அந்தத் திறன் சம வயதினருடன் மட்டும் வளர்ந்தவற்றிடம் குறைந்திருந்தது. உணவும் பாதுகாப்பும் இரு கூட்டத்துக்கும் குறைவின்றிக் கிடைத்தன. மூத்தோரின் உடனிருப்பு மட்டுமே வேறுபாடு.

பெரிய மூளை நல்ல மூளையா?

இதுவரை சொன்னவற்றைக் கேட்டு, கல்லிட்டால் மூளை பெருக்கும், பெருத்தால் அறிவு மிகும் என்று யாரேனும் முடிவு கட்டினால், அது அவசர முடிவு. மூளை மிகுந்த செலவு பிடிக்கும் உறுப்பு. மனித உடலின் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே ஆன மூளை, ஓய்வு நிலையில் உடல் செலவிடும் ஆற்றலில் சுமார் 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. பெரிய மூளை கொண்ட கப்பிகளைத் தேர்ந்தெடுத்துத் தலைமுறை தலைமுறையாக இனப்பெருக்கம் செய்து பார்த்தார்கள் சுவீடனில் பணியாற்றிய ஆய்வாளர்கள். 2013இல் அவர்கள் அறிவித்தபடி, பெரிய மூளை கொண்ட பெண் மீன்கள் எண்ணிக்கையை வேறுபடுத்தும் பயிற்சியில் சிறந்தன. ஆனால் அந்த வழியில் வந்தவற்றின் குடல் சிறுத்தது. ஈன்ற குஞ்சுகளின் எண்ணிக்கையும் குறைந்தது. இயற்கை எதையும் விலையின்றித் தருவதில்லை. வேலை இல்லாத இடத்தில் மூளைத் திசுவைக் கட்டாமல் விடுவது உடலின் சிக்கனம்.

அடுத்து நான் சொல்லவிருக்கும் ஆய்வை ஆசிரியர்கள் சற்றுக் கூர்ந்து கேட்குமாறு வேண்டுகிறேன். இன்றைய உரையில் எனக்கு மிக முக்கியமானது இதுவே. சுவீடனின் யோவாக்கிம் நேஸ்லுண்டும் அவருடைய தோழர்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வு அது. அட்லாண்டிக் சால்மன் குஞ்சுகளைப் பொரிந்த பருவத்தில் வெறுந்தட்டுகளிலும், இடுக்குகள் அமைந்த தட்டுகளிலும் வளர்த்தார்கள். இடுக்குகளில் வளர்ந்தவற்றின் மூளைப் பகுதிகள் அனைத்தும் பெரிதாக இருந்தன. இதுவரை நாம் கேட்ட கதைதான். பின்னர், உணவூட்டும் பருவத்தில் எல்லாக் குஞ்சுகளையும் வெறுந்தொட்டிகளுக்கு மாற்றினார்கள். நாளடைவில் அந்த வேறுபாடு மறைந்துபோயிற்று.

வேறு சில குஞ்சுகளை ஆற்றில் விட்டு, கடலுக்குப் புறப்படும் பருவத்தில் மீண்டும் பிடித்துப் பார்த்தபோது, ஆற்று மீன்களின் மூளை பொரிப்பக மீன்களின் மூளையைவிடச் சிறிதாகவே இருந்தது. 2003இல் கண்டதற்கு இது எதிரான முடிவு. வெவ்வேறு உடலளவு கொண்ட மீன்களை ஒப்பிடும்போது மிகுந்த எச்சரிக்கை தேவை என்று அந்த ஆய்வாளர்களே எழுதினார்கள். தொடக்கத்தில் ஒரு தீர்மானமான பருவம் உண்டு, அதில் நடப்பது பின்னர் மாறாது என்னும் கருத்துக்கு இந்த மீன்களிடம் ஆதாரம் கிடைக்கவில்லை என்பதே அவர்களின் முடிவு.

இதன் பொருளை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். தொடக்கத்தில் இட்ட கல் ஒருநாளும் கரையாத முதலீடன்று. கல் இருக்கும்வரை மூளை அதற்கேற்ப வளர்கிறது. கல்லை எடுத்துவிட்டால் மூளை வெறுந்தொட்டிக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. இது எச்சரிக்கையும் ஆகும், ஆறுதலும் ஆகும். முன்பு கொடுத்தது வீணாகிப் போகலாம். அதேபோல், முன்பு கிடைக்காதது பின்பு கிடைத்தாலும் பயன் தரலாம்.

மொழிக்கு வருவோம்

மீன் பேசுவதில்லை, குழந்தை பொரிப்பகத்தில் பிறப்பதில்லை. மீனின் சிறுமூளையைக் காட்டி, வீட்டில் தமிழ் பேசாத பிள்ளையின் மூளை சிறுத்துவிடும் என்று யாரேனும் சொன்னால் அது பொய். பிற மொழியில் செழித்து வளரும் பிள்ளையின் மூளை எந்தக் குறையுமின்றி வளர்கிறது. பெற்றோரை அச்சுறுத்தி மொழியை வளர்க்க இயலாது. அப்படி வளர்க்கவும் கூடாது. மேலும், மொழியொலிகளைப் பொறுத்தவரை தொடக்கப் பருவத்துக்குத் தனி வலிமை உண்டு என்பதற்குக் குழந்தைகளிடமே நேரடிச் சான்று உள்ளது. கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் இந்தி மொழியின் தகரத்தையும் டகரத்தையும் ஒத்த ஒலிகளை 6 முதல் 8 மாதங்களில் பிரித்தறிந்தன. 10 முதல் 12 மாதங்களுக்குள் அந்தத் திறன் பெரிதும் குறைந்துவிட்டது. அந்த வேறுபாட்டுக்கு அவர்கள் வீட்டில் வேலை இருக்கவில்லை. 'பத்து', 'பட்டு' என்னும் இரு சொற்களையும் நாள்தோறும் கேட்கும் தமிழ்க் குழந்தைக்கு அந்தத் திறன் தங்கிவிடுகிறது.

இந்த எல்லைகளை மதித்துக்கொண்டே, மீன் ஆய்வுகள் நம்மைக் கேட்கவைக்கும் வினாக்களை நம் வகுப்பறைக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

சிங்கப்பூரின் 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 5 வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி ஆங்கிலம் என்றும், 2.5 விழுக்காட்டினர் தமிழ் என்றும் பதிவாயிற்று. இங்கே வகுப்பறையின் சுமை மிகுதி. வீடும் கடைத்தெருவும் தர வேண்டிய கற்கள் பலவற்றை வகுப்பறையே தர வேண்டியிருக்கிறது.

நம் தமிழ் வகுப்பு ஆறா, பொரிப்பகத் தொட்டியா? நல்ல நோக்கத்தோடுதான் நாம் அதைத் தூய்மையாகவும் பாதுகாப்பாகவும் வைத்திருக்கிறோம். வினாக்கள் முன்பே தெரிந்தவை. விடைகள் பயிற்சித்தாளில் உள்ளவை. சொற்கள் அளவாக நறுக்கி ஊட்டப்படுபவை. மாணவர்கள் தேர்வில் நன்றாகவே தேறுகிறார்கள். பின்னர் பேருந்தில் ஒரு மூதாட்டி "எங்கேப்பா எறங்கணும்?" என்று கேட்டால், 12 ஆண்டுகள் தமிழ் படித்த பிள்ளை ஆங்கிலத்தில் விடை சொல்கிறான். அவன் உழைக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். அவன் நீந்திய தொட்டியில் அந்தக் கல் இருக்கவில்லை.

பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும் வேறுபட்ட நம் மொழியில் இந்தக் கல் இன்றியமையாதது. எழுத்துத் தமிழை மட்டும் கேட்டு வளரும் பிள்ளை சீரான நீரில் மட்டும் நீந்திய மீனைப் போன்றவன். இடத்துக்கு ஏற்ப 'வாருங்கள்', 'வாங்க', 'வா' என்று மாற்றிச் சொல்லும் திறனை எந்தப் பட்டியலும் முழுமையாகத் தராது. பாட்டியிடம் ஒரு விதமாகவும், மாமாவிடம் ஒரு விதமாகவும், தம்பியிடம் வேறு விதமாகவும் பேசிப் பேசித்தான் அது படிகிறது. மூத்தோரிடையே வளர்ந்த சிக்லிட் குஞ்சுகளை நான் இங்கே நினைத்துக்கொள்கிறேன். சம வயதினரோடு மட்டும் தமிழ் பேசும் மாணவனுக்கு ஒருமையும் முன்னிலையும் தெரியும். மரியாதைப் பன்மை நாவில் வராது.

இதற்குப் பெரிய திட்டமோ பெரும் பொருட்செலவோ வேண்டியதில்லை. அந்த ஆய்வில் இட்டவை கற்களே. வாரத்துக்கு ஒரு முறை விடை முன்கூட்டித் தெரியாத ஒரு வினா. பாடநூலில் இல்லாத ஒரு மூத்தவரின் பேச்சு. தேக்கா சந்தையில் ஒரு காய்கறிக்காரரிடம் விலை கேட்டு வருதல். மாணவன் தானே தேர்ந்தெடுத்த பொருளைப் பற்றி, அது மீனாகவே இருந்தாலும், தமிழில் விளக்குதல். இவை சிறியவை, ஆனால் மாணவனின் தமிழுக்கு வேலை தருபவை. அவற்றை இடம் மாற்றிக்கொண்டும் இருக்க வேண்டும். நாள்தோறும் ஒரே இடத்தில் கிடக்கும் கல்லும் பழகிப்போகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கற்களை எடுத்துவிடக் கூடாது. பாலர் பள்ளியில் பாட்டும் கதையுமாகத் தமிழை வளமாகத் தருகிறோம். தொடக்கநிலை வரை அந்த வளம் ஓரளவு நீடிக்கிறது. உயர்நிலையில் தேர்வு நெருங்க நெருங்க, கதையும் விளையாட்டும் பேச்சும் ஒவ்வொன்றாக விலகி, வெறுந்தொட்டி மட்டும் மிஞ்சுகிறது. 'சிறு வயதில் நன்றாகப் பேசினானே, இப்போது ஏன் பேசுவதில்லை?' என்று பெற்றோர் கேட்கும்போது, 2012ஆம் ஆண்டின் அந்தச் சால்மன் குஞ்சுகள் என் நினைவுக்கு வருகின்றன. மொழியைப் பொறுத்தவரை இதை நான் சான்றாகக் கூறவில்லை. ஆனால் பல்லாண்டுக் காலம் மொழி மாணவர்களைப் பார்த்தவன் என்ற முறையில், அந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டிய இடம் அதுவே என்று கருதுகிறேன்.

மாணவர்களுக்கு ஒரு சொல். வீட்டில் தமிழ் ஒலிக்காத காரணத்தால் உங்களுக்குத் தமிழ் வாராது என்று யார் சொன்னாலும், நீங்களே சொல்லிக்கொண்டாலும், நம்பாதீர்கள். ஒலிகளைச் செவி பழகும் பருவம் ஒன்று உண்டு, அது உண்மை. ஆனால் சொல்லும் நடையும் நயமும் சேர்வதற்கு அத்தகைய எல்லை இல்லை. உங்கள் தொட்டியில் கல் இல்லை என்றால், நீங்களே ஒரு கல்லை எடுத்து வைக்கலாம். மீனால் இயலாத அந்த ஒன்று உங்களால் இயலும்.

"மீன்குஞ்சுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்க வேண்டுமா?" என்று பழமொழி கேட்கிறது. துடுப்பை அசைக்க யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆற்றில் வாழ அதற்கு ஆறு வேண்டும். நம் பிள்ளைகளுக்கு மொழித்திறன் பிறவியில் வந்தது. தமிழ், நாம் அவர்களைச் சுற்றி அமைத்துத் தரும் சூழலிலிருந்துதான் வரவேண்டும்.